நீல் தீவில் தங்கப் போகிறீர்களா? அறையை அப்புறம் பாருங்கள், முதலில் கடலைக் கேளுங்கள்

கடலூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. தேவனாம்பட்டினம் கரையில் மணல் வீடு கட்டி வளர்ந்தவர்கள் நாம், சுனாமியையும் பார்த்தாச்சு, தானே புயலையும் பார்த்தாச்சு, இனிமேல் கடலைப் பற்றி யார் நமக்கு என்ன சொல்லித் தர வேண்டும் என்று. அந்தமானில் நீல் தீவு என்கிற சின்னத் தீவுக்குக் குடும்பத்தோடு போய், அமைதியான கடலோர ரிசார்ட் ஒன்றில் தங்கிவிட்டு வந்தோம். வந்ததிலிருந்து மஞ்சக்குப்பத்தில் பார்க்கிறவர்களும், பாண்டிச்சேரி ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்களும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ரூம் எப்படி இருந்துச்சு, எவ்வளவு ஆச்சு?" ரூம் ரூமாகத்தான் இருந்தது. புக் பண்ணுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடல் எத்தனை மணிக்கு இருக்கும்? சிரிக்க வேண்டாம், அந்தத் தீவில் அது நிஜமான கேள்வி.

போனவர்கள் நான், என் வீட்டுக்காரர், அம்மா, பையன். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியாச்சு, பிரஷர் மாத்திரை உண்டு, முட்டி வலி உண்டு. பையனுக்கு எட்டு வயது, அவனுக்கு எதுவும் கிடையாது, ஓடிக்கொண்டே இருப்பான். பொங்கல் விடுமுறையை ஒட்டிக் கிளம்பினோம்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. பெரும்பாலான விமானங்கள் காலையில்தான், ஆகவே கடலூரிலிருந்து நடுராத்திரியில் கார் எடுக்க வேண்டியிருக்கும். பயணத்திலேயே அலுப்பான பகுதி அதுதான். போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவு 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, படகில் போக வேண்டும். 2018 டிசம்பரில் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பக்கத்து ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயர் என்று வரும். இரண்டும் ஒன்றுதான், பதற்றப்பட வேண்டாம்.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கடலுக்கும் ஏற்றம், வற்றம் உண்டுதான். ஆனால் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட நம் கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், கரையும் சரிவாக இறங்குகிறது, அதனால் தண்ணீர் சில அடி முன்னே பின்னே போவதோடு சரி. நம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் குளிக்க வருகிறவர் யாரும் மணி பார்த்து வருவதில்லை. அந்தமானில் அதே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகிறது. அதைவிட முக்கியமான விஷயம், நீல் தீவைச் சுற்றி கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் தட்டையான பவளப்பாறைத் திட்டு. சரிவான கரையில் தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கினால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தட்டையான திட்டில் இறங்கினால் கடலே காணாமல் போகும். ரிசார்ட் விளம்பரப் படத்தில் பார்த்த பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர் காலையில் கண்ணெதிரே இருக்கும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து பார்த்தால் கறுத்த பாறையும், அங்கங்கே குட்டையும், குட்டையில் மாட்டிக்கொண்ட சின்ன மீனும், நண்டும்தான் இருக்கும். அலை உடையும் வெள்ளைக் கோடு எங்கேயோ தூரத்தில் தெரியும்.

அம்மா முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கடல் உள்வாங்கியிருக்கு. புள்ளையக் கூப்பிடு. மேடு எந்தப் பக்கம்?" என்றாள். குரலில் பதற்றம்கூட இல்லை, முடிவெடுத்துவிட்ட குரல். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் சொந்தக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் இருந்தார்கள். அலை வந்து திரும்பியபோது கடல் பின்வாங்கிப் போனதைப் பற்றி அவர்கள் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. பையனோ எதுவும் தெரியாமல் அந்தப் பாறைக் குட்டைகளுக்கு நடுவில் நண்டைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போயிருந்தான்.

ரிசார்ட்டில் சமையல் பார்த்தவர் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர்தான் ஓடி வந்து அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அம்மா, இது தினமும் நடக்கிறதுதான். ஆறு மணி நேரமா மெல்ல மெல்ல இறங்கியிருக்கு, இன்னும் ஆறு மணி நேரத்துல திரும்ப ஏறிடும். திடீர்னு சில நிமிஷத்துல போனாத்தான் நாம ஓடணும். தரை பலமா ஆடுனா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காம ஓடணும்" என்றார். பெரிய வகுப்பே எடுத்துவிட்டார். அந்தமானும் அதே நாளில் அடிபட்ட இடம், நில நடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பக்கத்தில் நிலமே தாழ்ந்து வயல்களுக்குள் கடல் தண்ணீர் நிரந்தரமாக வந்துவிட்டது. அதனால் அவர் பேச்சில் விளையாட்டு இல்லை. மேட்டுக்குப் போகும் வழி எது என்று அம்மா விடாமல் கேட்டாள், அவரும் கை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அம்மா டீ குடித்தாள். எந்தக் கடலோர விடுதியில் தங்கினாலும் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ரிசப்ஷனில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, எச்சரிக்கை வரும். ஆனால் நில நடுக்கம் பக்கத்திலேயே வந்தால் செய்தி வருவதற்குக் காத்திருக்கிற அவகாசம் இருக்காது.

சரி, இதை வைத்து எப்படித் திட்டம் போடுவது? ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே அடக்கம். அதாவது வீட்டுச் சுவரில் தொங்கும் தினக்காலண்டரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. மீதிப் பாதிக்கு, அதாவது நேரத்துக்கு, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும், ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இருக்கிறது. போனில் பார்க்கும் செயலிகளும் உண்டு. போர்ட் பிளேர் நேரத்தைப் பார்த்தால் போதும், நீல் தீவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குளிப்பதும், நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்ப்பதும் முக்கியம் என்றால், பகலில் நல்ல நேரத்தில் ஏற்றம் வரும் நாட்களாகத் தேர்ந்தெடுங்கள். பாறைக் குட்டைகளில் நடந்து நட்சத்திர மீன், கடல் வெள்ளரி எல்லாம் பார்க்க ஆசை என்றால் அமாவாசையை ஒட்டிப் போகலாம். லக்ஷ்மண்பூர்ப் பக்கம் கடல் குடைந்த பெரிய பாறை வளைவு ஒன்று இருக்கிறது, எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். வற்றத்தில் மட்டும்தான் அங்கே நடந்து போக முடியும். ஏற்ற நேரத்தில் போய் வண்டிக்காரரிடம் சண்டை போட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்தோம், அந்த மனிதர் என்ன செய்வார் பாவம்.

அடுத்து, ரிசார்ட் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் வாடைக்காற்று என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இது விளங்கும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது சீதாபூர் பக்கம், அதாவது கிழக்கே சூரிய உதயம் பார்க்கும் கரையில், அலை கூடுதலாக இருக்கும், தண்ணீர் கலங்கும், குப்பையும் ஒதுங்கும். மேற்கே லக்ஷ்மண்பூர் கரை அந்த மாதங்களில் அமைதி. மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கதை தலைகீழ். படகு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பரத்பூர் கரைதான் குளிக்க வசதி, மணல் அதிகம், கண்ணாடி அடித்தளம் போட்ட படகும் அங்கேதான் கிடைக்கும், ஆகவே கூட்டமும் அங்கேதான். அமைதி வேண்டும் என்று தேடிப் பிடித்த ரிசார்ட்டுக்கு முன்னால் பெரும்பாலும் பாறைக் கரைதான் இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான். குளிக்கப் பரத்பூர், மாலையில் உட்கார நம் கரை என்று பிரித்துக்கொண்டோம். தீவு சின்னது, வாடகை சைக்கிள், ஸ்கூட்டர் கிடைக்கும், எங்கேயிருந்தும் எங்கேயும் போய்விடலாம். ஆகவே போன் பண்ணிக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: முன்னால் இருப்பது மணலா பாறையா, வற்றத்தில் எவ்வளவு தூரம் காய்ந்துபோகும், எந்தத் திசை. நேர்மையான ஆளாக இருந்தால் பதில் சொல்லிவிடுவார். "ஃபுல் பீச் வியூ மேடம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

கடலுக்கு அடுத்தபடி உங்கள் நாளை ஆட்டி வைப்பது கடிகாரம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. கடலூர் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேற்கே, நீல் தீவு 93 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று போட்டால் நம்மைவிட அவர்களுக்குச் சூரியன் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முந்தி வருகிறது, ஆனால் கடிகாரம் ஒன்றுதான். தை மாதத்தில் அங்கே மாலை ஐந்தேகாலுக்குச் சூரியன் இறங்கிவிடுகிறது. ஆறுக்கெல்லாம் கும்மிருட்டு. நம் ஊரில் ஆறு மணிக்குத்தானே பீச்சுக்கே கிளம்புவோம்? மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு நாலரைக்கு எழுந்தால் அன்றைய நாள் போச்சு. காலையில் ஐந்தரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம். இந்த விஷயத்தில் எங்கள் நால்வரில் அதிர்ஷ்டசாலி அம்மாதான். நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு, தீவே அவளுக்காகத் திறந்து வைத்த மாதிரி தனியாகக் கரையில் நடந்துவிட்டு வருவாள். ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும், அது டெல்லிக்காரர்களின் நேரம். முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்தால் ஐந்தரைக்கு டீயும் பிஸ்கட்டும் தருவார்கள், சொல்லாவிட்டால் கிடையாது. நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே குளியலை முடித்துவிடுவோம், பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது.

மூன்றாவது, படகு. இங்கேதான் பணம் போகும், மனக்கஷ்டமும் வரும். தனியார் படகுகள் ஏசி போட்டவை, வேகமானவை, போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். அரசுப் படகு மெதுவாகப் போகும், கட்டணம் மிகக் குறைவு, டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு. வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் இருந்தால் ஒரு விஷயம்: மூடிய ஏசி படகில் குமட்டல் சீக்கிரம் வருகிறது. நடுவில், கீழ்த்தளத்தில், கொஞ்சம் பின்பக்கமாக இடம் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. முன்பக்கம் வேண்டவே வேண்டாம், காட்சி நன்றாக இருக்கும் என்று உட்கார வைப்பார்கள், அப்புறம் கையில் கவரோடுதான் இறங்க வேண்டும். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அம்மா இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர்தான் படாதபாடு பட்டார்.

காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும். அது யார் தப்பும் இல்லை. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்றால் நமக்கு என்ன நடக்கும் என்று தெரியும்; அதே கடல்தான் அது. ஆகவே ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் இருங்கள், தீவில் இருக்காதீர்கள். காலையில் படகு பிடித்து மதியம் விமானம் ஏறிவிடலாம் என்று டிராவல்ஸில் போட்டுக் கொடுப்பார்கள். நாங்கள் முன்பணம் கட்டிய இடத்தில் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தார்கள், மாற்றச் சொன்னதற்கு "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். என் வீட்டுக்காரர் விடவில்லை, சண்டை போட்டு மாற்ற வைத்தார். நாங்கள் கிளம்பிய மறுநாள் கடல் சரியில்லை என்று ஒரு படகு போகவில்லை என்று அந்தச் சமையல்காரர் பிறகு போனில் சொன்னார். மீதி இருக்கிற போர்ட் பிளேர் நேரம் வீண் போகாது, செல்லுலார் சிறை இருக்கிறது, ஊரில் எங்கே திரும்பினாலும் தமிழ் காதில் விழும், முருகன் கோயில்கூட உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இருந்த பயம் வீணாகப் போனது. நீல் தீவு அந்தமானின் காய்கறித் தோட்டம் என்று பெயர் வாங்கிய இடம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு, அவர்கள்தான் காட்டைத் திருத்தி வயலும் தோட்டமுமாக ஆக்கியிருக்கிறார்கள், போர்ட் பிளேருக்கே இங்கேயிருந்துதான் காய் போகிறது. ஜெட்டிக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் கத்தரிக்காய், புடலங்காய், பூசணி எல்லாம் அன்றைக்குப் பறித்ததாகக் கிடைக்கும். மீனும் உண்டு, சூரை, வஞ்சிரம், சீலா. ஆனால் ஹோட்டல்களில் வங்காளச் சமையல்தான், கடுகெண்ணெய் வாடை நமக்குச் சட்டென்று ஒத்துவராது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோனது கை கொடுத்தது.

தை அமாவாசை நடுவில் வந்தது. வருஷா வருஷம் அம்மா தேவனாம்பட்டினம் கடலில் முழுகிவிட்டு வந்து அப்பாவுக்குப் படையல் போடுவாள். பயணத்துக்கு அவள் சம்மதிக்காமல் இழுத்தடித்ததே அதனால்தான். "அங்க காக்கா இருக்குமாடி? சோறு யாரு எடுப்பா?" என்பதுதான் அவள் கேள்வி, அதற்கு இணையத்தில் எங்கே போய்த் தேடுவது? காலை ஏற்றத்தில் முழுகிவிட்டு வந்தாள். சமையல்காரர் வெங்காயம், பூண்டு இல்லாமல் பூசணிக்காய்க் கூட்டும் பருப்பும் செய்து கொடுத்தார், அவர் வீட்டிலும் அன்றைக்கு விரதமாம். வாழை இலை தோட்டத்திலேயே இருந்தது. தாழம்புதருக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு நின்றோம். கன்னங்கரேலென்று அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது, நம் ஊர்க் காக்காயைவிடப் பெரிசு. அம்மாவுக்குத் திருப்தி. இதற்காகவே சொல்கிறேன், விரதம், மாத்திரை நேரம், சாதம் குழைய வேண்டும் என்கிற மாதிரி பெரியவர்களின் தேவை எதுவாக இருந்தாலும் சின்ன ரிசார்ட்டில் சமையலறைக்கே போய்ப் பேசிவிடுங்கள். பெரிய விடுதியில் இது நடக்காது.

அறையைப் பற்றியும் கொஞ்சம். தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் ஓடுவது, கரண்ட் போவதும் வருவதும் சகஜம். மின்விசிறி ஓடினால் போதும் என்று இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்றால் ரிசார்ட்டின் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், கடலூர் பழைய டவுன் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அது புதிதில்லை. சோப்பு நுரைக்கவில்லை என்று வடக்கத்திக் குடும்பம் ஒன்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. குளியலறையில் தவளை இருந்தது. பையன் அதற்குப் பெயர் வைத்துவிட்டான், அதனால் அதை விரட்டவும் முடியவில்லை.

தவளையைவிடப் பெரிய தொல்லை மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கொசு மாதிரி சத்தமும் போடாது, ஈர மணலில் விடியலிலும் அந்தியிலும் கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் அரிக்க ஆரம்பித்தால் நாள் கணக்கில் அரிக்கும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு இறங்குங்கள், ஈ அதில் உட்கார முடிவதில்லை. மணலில் நேராக உட்காராமல் பாய் போட்டுக்கொள்ளுங்கள். கலமைன் லோஷன் ஒன்று பையில் இருக்கட்டும். தென்னை மரத்தில் கட்டிய தொட்டிலில் படுப்பதற்கு முன்னால் மேலே காய் இருக்கிறதா என்று பார்ப்பது என் அம்மாவின் சேர்க்கை.

தண்ணீருக்குள் இறங்க ரப்பர் செருப்பு போதாது, காலோடு ஒட்டி நிற்கும் ஷூ வேண்டும். பாறை இடுக்கில் உடம்பெல்லாம் முள்ளோடு கிடக்கும் உயிர்கள் உண்டு, செத்த பவளம் பிளேடாக அறுக்கும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்கக் கூடாது, அது பாறை இல்லை, நாம் மிதித்த இடம் செத்துப் போகும். கடல் சூடானதால் 2010-லும் 2016-லும் அந்தமான் பவளங்கள் வெளுத்துப் போயின, எஞ்சியதையும் நாம் மிதிக்க வேண்டாம். பரத்பூர்ப் பக்கம் கடல்புல் இருக்கிறது, அதை மேய ஆவுளியா என்கிற கடல்பசு வரும் என்றார்கள், அந்தமானின் மாநில விலங்கே அதுதான். எங்கள் கண்ணில் படவில்லை. நம் கடலில் அலைக்குப் பயப்படுவோம். அங்கே கரையோரம் அலையே இல்லாததால் பிள்ளைகளை விட்டுவிடத் தோன்றும். திட்டின் விளிம்புக்கு அப்பால் ஆழமும் இழுப்பும் சட்டென்று வரும், வற்றம் தொடங்கும் நேரத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பையனை இடுப்பளவுக்கு மேல் விடவில்லை. அந்தமானில் உப்புநீர் முதலைகளும் உண்டு, சதுப்புக் காடும் ஓடை முகத்துவாரமும் அவற்றின் இடம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கே வேடிக்கை பார்க்கவும் நிற்காதீர்கள், பலகை இல்லாத இடத்திலும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது, பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் கடலைத் தாண்ட வேண்டும்.

போன் விஷயம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, அதன் பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாகவே இருக்கிறது. நீல் தீவில் எங்களுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. டிக்கெட், அறை ரசீது எல்லாவற்றையும் அச்சிட்டு எடுத்துப் போங்கள், ரொக்கமும் கையில் இருக்கட்டும். பையன் முதலில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அப்புறம் பக்கத்து வீட்டு வங்காளப் பிள்ளைகளோடு கிரிக்கெட். என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் இந்த இடம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு எட்டு மணிக்குள் கடைத்தெரு அடங்கிவிடும். மாலையில் வெளியே சுற்றுவது, கடைகள், கூட்டம் இதெல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு ஹேவ்லாக் பரவாயில்லை, பாண்டிச்சேரி ஒயிட் டவுன் அதைவிடத் தேவலாம். மணலும் தண்ணீரும் மட்டும் போதும் என்றால் நோணாங்குப்பத்தில் படகு ஏறி பாரடைஸ் பீச்சுக்கு வார நாளில் போங்கள், இத்தனை செலவு எதற்கு?

கடைசியாகக் கிளிஞ்சல். சிப்பி, சங்கு, செத்த பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து எடுத்து வரக் கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, உயிருள்ளதா செத்ததா என்ற பேச்சே இல்லை. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது பிடித்துவிடுவார்கள். பிள்ளைகள் இருந்தால் அறையைக் காலி செய்வதற்கு முன்னால் பென்சில் டப்பா, கால்சட்டைப் பை, ஷூவின் உள்பக்கம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பையனிடம் எல்லா இடத்திலும் இருந்தது, அழுதுகொண்டே கொண்டுபோய்க் கடலில் போட்டான். ஞாபகத்துக்கு வேண்டும் என்றால் போர்ட் பிளேர் கடையில் விற்க அனுமதி உள்ள சிப்பிப் பொருளாகப் பார்த்து வாங்குங்கள், பில்லும் அனுமதிச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். அதைப் பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேனர் முன்னால் நிற்கும்போதுதான் கேட்பார்கள்.